உறுப்பினருக்கு எது, ஊருக்கு எது: சங்க அகப்பக்கத்துக்குப் பூட்டு போடும் வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் மரண சகாய நிதிச் சங்கத்தின் அகப்பக்கத்தை இந்த வருடம் புதிதாகக் கட்டுகிறோம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டு, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சங்கம் மட்டும் கலையவில்லை. மாதாமாதம் சந்தா வருகிறது. ஒரு வீட்டில் சாவு என்றால் அன்றைக்கே பணம் போய்ச் சேர்கிறது. எங்கெங்கோ இருக்கும் உறுப்பினர்களுக்கு இப்போது சங்கத்து ஆபீஸ் என்றால் அந்த அகப்பக்கம்தான்.

அதில் முதலிலேயே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. லாகின் செய்தவருக்கு ஒரு மாதிரி, செய்யாதவருக்கு வேறு மாதிரி என்று பக்கத்தை எப்படிக் காட்டுவது? கூட்டத்தில் பொருளாளர் அண்ணன், "ஒரு லாகின் பட்டன் வச்சிட்டா வேலை முடிஞ்சிச்சு, அப்புறம் என்ன தம்பி?" என்றார். பட்டன் வைப்பது அரை நாள் வேலை. பட்டனுக்குப் பின்னால் தரவு எங்கே இருக்கிறது, யார் கேட்டால் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. கோயில், முன்னாள் மாணவர் சங்கம், கூட்டுறவு என்று எதை நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்வி வரும். அதனால் நாங்கள் அலசிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

யாருக்கு எது என்று முதலில் ஒரு தாளில் பிரித்தோம். சங்க விதிகள், ஆண்டுக் கூட்டத் தேதி, சந்தா விவரம், மரண அறிவிப்பு ஆகியவை ஊருக்கே தெரிய வேண்டியவை. எல்லாருடைய பட்டியலும், ஐசி எனும் அடையாள அட்டையின் நம்பரும், யாருக்கு எவ்வளவு சகாயம் போனது என்பதும் நிர்வாகக் குழுவுக்கு மட்டும். நடுவில் இருப்பது உறுப்பினருக்கு உரியது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஆண்டுக் கணக்கறிக்கை எந்த உறுப்பினரும் பார்க்கலாம். சந்தா பாக்கியும், எழுதிக் கொடுத்த வாரிசின் பெயரும் அவரவருக்கு மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடத்தில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது.

பழைய அகப்பக்கம் சொல்லிக் கொடுத்தது

பழைய அகப்பக்கத்தில் உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு பக்கம் இருந்தது. லாகின் செய்யாமல் போனால் "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி தெரியும். படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன், உறுப்பினர் வீட்டுப் பிள்ளை, ஒரு நாள் என் மடிக்கணினியை வாங்கிக் கண்ட்ரோலையும் யூ எழுத்தையும் சேர்த்து அழுத்தினான். பக்கத்தின் மூலநிரல் திறந்தது. கீழே போகப் போகப் பெயர், ஐசி, கைப்பேசி எண், வீட்டு முகவரி, வாரிசு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. அவனுடைய தாத்தாவின் பெயரில் வந்து நிறுத்தி, "பாருங்க மாமா" என்றான்.

சாம்பல் பெட்டிக்குப் பின்னால் பட்டியல் முழுவதும் எப்போதும் இருந்திருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்ப்ளே நன்' என்ற ஒரே வரி அதைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தது. அவனுக்கு முன்னால் யார் யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. பார்த்தவர், பார்க்காதவர் எல்லாருக்கும் சர்வர் ஒரே பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறது. பதிவேட்டில் இருவரும் ஒன்று போலத்தான் இருப்பார்கள். அன்றைக்கு இரவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம். தாத்தா பெயரைக் காட்டிய அந்த விரலை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், சன்னலுக்கு உள்ளே இருப்பார். செக்ரோல் எனும் சம்பளப் பதிவேடு அவர் கையில் இருக்கும். பெயரைக் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, அந்த ஆளின் சம்பளத்தை மட்டும் சன்னல் வழியாக நீட்டுவார். எல்லாருடைய சம்பளச் சீட்டையும் வெளியே மேசையில் பரப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, "அவங்கவங்க சீட்ட மட்டும் பாருங்க" என்று எந்தக் கிராணியும் சொன்னதில்லை. பிரவுசரில் மறைப்பது அந்தத் துணியைப் போன்றது. சர்வர் முடிவெடுப்பது கிராணி சன்னலைப் போன்றது.

பிரவுசரில் மறைப்பது

இந்த வழி இன்னும் பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தளத்தை வைக்க மலிவான ஹோஸ்டிங் (வாடகை இடம்) போதும். சர்வரில் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. செய்து முடித்ததும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். பிரவுசருக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டில் "லாகின் ஆகிவிட்டாரா" என்று ஒரு கேள்வி கேட்டு, ஆமாம் என்றால் பெட்டியைத் திறப்பது, இல்லை என்றால் மூடி வைப்பது. சிலர் அந்தப் பதிலைப் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் "ஆம்" என்று எழுதி வைப்பார்கள். பிரவுசர் பயனருடையது. அதில் இருக்கும் "இல்லை"யை "ஆம்" என்று மாற்ற ஒரு நிமிடம் போதும்.

இன்னொரு குறை, நம் ஊர் இணைப்பில்தான் நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் 3ஜி சேவையை 2021 முடிவில் மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் 4ஜிதான். ஆனால் செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் அந்த 4ஜி ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பக்கம் முதலில் "லாகின் செய்க" என்று காட்டி, நாலைந்து விநாடி கழித்து ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததும் "வணக்கம்" என்று மாறும். வயதான உறுப்பினர் அந்த நாலைந்து விநாடிக்குள் மறுபடி லாகின் பட்டனைத் தட்டிவிடுவார். அப்புறம் நமக்குத்தான் போன் வரும்.

ஆனாலும் இந்த வழியை முழுக்க ஒதுக்கவில்லை. ரகசியம் எதுவும் இல்லாத இடத்தில் இது போதும். மேலே "உள்நுழைக" என்று இருப்பதை "வெளியேறுக" என்று மாற்றுவது, பெயர் சொல்லி வணக்கம் வைப்பது, இதற்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மூலநிரலை யார் திறந்து பார்த்தாலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றால் மறைப்பதோடு நிறுத்தலாம்.

ஒரே பக்கம், சர்வர் தீர்மானிப்பது

இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் புது ஆள் வந்து கேட்பது போலத்தான். அதனால் லாகின் ஆனதும் சர்வர் குக்கி எனும் சிறு குறிப்பில், அந்த லாகினுக்கு உரிய நீளமான செஷன் எண்ணைப் போட்டுப் பிரவுசரிடம் கொடுக்கிறது. அடுத்த முறை பிரவுசர் அதைக் கூடவே கொண்டு வருகிறது. சர்வர் அந்த எண்ணைத் தன் பதிவில் தேடி, இன்னார் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது. லாகின் செய்யாதவருக்கு உறுப்பினர் பகுதி தயாரிக்கப்படவே இல்லை. மூலநிரலைத் திறந்தாலும் அங்கே ஒன்றும் இருக்காது.

சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் இது சில வரி வேலை. தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் 'இஸ் யூசர் லாக்ட் இன்' என்ற செயற்கூறு தயாராக இருக்கிறது. குக்கிக்கு மூன்று குணம் அவசியம். ஜாவாஸ்கிரிப்ட் தொடாமல் இருக்க எச்டிடிபி ஒன்லி. பூட்டிய இணைப்பில் (எச்டிடிபிஎஸ்) மட்டும் போக செக்யூர். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்க சேம்சைட். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு வந்த பிறகு பூட்டிய இணைப்புக்கான சான்றிதழ் இலவசம். எனவே அது இல்லாமல் லாகின் வைப்பதற்குச் சாக்கே கிடையாது.

பாதுகாப்பு என்று பார்த்தால் இது சரியான வழி. எனக்குத் தயக்கம் வந்தது வேறு இரண்டு காரணங்களால்.

ஒன்று கேஷ். ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுப்பது கேஷின் வேலை. தளம் வேகமாக வர வேண்டும் என்று யாராவது ஒரு கேஷ் பிளகினை, அதாவது துணை நிரலை, போடுவார்கள். அதன் அமைப்பு தப்பாக இருந்தால் முத்தம்மாவுக்குத் தயாரித்த பக்கம் முனியாண்டிக்குப் போகும். பெரிய நிறுவனத்துக்கே இது நடந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தின் மீது தாக்குதல் நடந்தபோது, அதைத் தாங்குவதற்காகக் கேஷ் அமைப்பை மாற்றினார்கள். மாற்றியதில் பிழை. தங்கள் கணக்கைத் திறந்தவர்களுக்கு வேறு யாருடைய கணக்கோ தெரிந்தது. முகவரி, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்து. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு அறிவித்தது. யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை. சேமித்த பக்கம் ஆள் மாறிப் போனது, அவ்வளவே. லாகின் செய்தவருக்கான ஒவ்வொரு பக்கத்தோடும் 'கேஷ் கண்ட்ரோல்: பிரைவேட், நோ ஸ்டோர்' என்ற தலைப்புவரியை அனுப்பினால் ஒழுங்கான கேஷ் அதைச் சேமிக்காது. தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைக் கொண்டு சேர்க்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை படங்களையும் சிஎஸ்எஸ்ஸையும்தான் தானாகச் சேமிக்கும், பக்கங்களை அல்ல. "எல்லாவற்றையும் சேமி" என்று நாமே ஒரு விதி எழுதும்போதுதான் வம்பு வருகிறது.

இரண்டாவது காரணம், எனக்கு முதலாவதைவிடப் பெரியது. ஒரே பக்கத்துக்குள் "உறுப்பினரா", "குழுவா", "இந்த ஆள்தானா" என்று ஏழெட்டு இடத்தில் கேள்வி கேட்க வேண்டிவரும். ஒன்றை மறந்தால் போச்சு. எங்கள் சங்கத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் தொண்டர்கள். இன்றைக்கு நான், இரண்டு வருடம் கழித்து வேறொரு பிள்ளை. வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போனால் அடுத்தவர் வருவார். புதிதாக வருபவர் நடுவில் ஒரு பட்டியலைச் சேர்க்கும்போது கேள்வி கேட்க மறந்தால், யாருக்கும் தெரியாமல் பல மாதம் அது அப்படியே திறந்து கிடக்கும்.

உறுப்பினருக்குத் தனி வாசல்

மூன்றாவது வழி, பொதுப் பக்கங்கள் எல்லாருக்கும் ஒன்றேபோல் இருக்கும். உறுப்பினர் பகுதி தனி முகவரியில், தனி ஃபோல்டரில். அந்த ஃபோல்டருக்குள் எந்தப் பக்கம் போனாலும் முதல் வேலையாக ஒரே ஒரு காவல் நிரல் ஓடும். லாகின் இல்லை என்றால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். தோட்டத்து வாசலில் ஜாகா, அதாவது காவலாளி, உட்கார்ந்திருப்பது போல. உள்ளே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தனித்தனியாக ஆள் நிறுத்த வேண்டியதில்லை.

கேஷ் தொல்லையும் இதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. பொதுப் பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் சேமிக்கலாம், உறுப்பினர் பகுதி எதையும் சேமிக்கக் கூடாது என்று இரண்டே விதிகள். புதிதாக வருபவர் ஒரு பக்கத்தை எந்த ஃபோல்டரில் போடுகிறார் என்பதே அது யாருக்கு என்பதைச் சொல்லிவிடும். மறதிக்கு இடம் குறைவு.

இதிலும் விழக்கூடிய குழிகள் உண்டு. மூன்றைச் சொல்ல வேண்டும்.

காவல் நிரல் "லாகின் பக்கத்துக்குப் போ" என்று சொன்னதும் அங்கேயே நிற்க வேண்டும். பிஎச்பியில் திருப்பிவிடும் வரியை எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'எக்ஸிட்' போட மறப்பது ரொம்பப் பழைய தப்பு. பிரவுசர் சமர்த்தாக லாகின் பக்கத்துக்குப் போய்விடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் நிரல் நிற்காமல் ஓடி, மிச்சப் பக்கத்தையும் அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்பியிருக்கும். பிரவுசர் இல்லாமலே பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் போன்ற ஒரு கருவியால் அதே முகவரியைக் கேட்டால் உள்ளே இருப்பது அப்படியே வந்து விழும். எங்கள் புதுத் தளத்தின் முதல் வரைவிலேயே ஒரு பக்கத்தில் இது இருந்தது. வெளியிடுவதற்கு முன் கையில் சிக்கியது.

அடுத்தது கோப்புகள். பக்கத்தைப் பூட்டிவிட்டு, அதில் தொங்கும் பிடிஎஃப்பை மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றும் கோப்புகள் 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில் வருடம், மாதம் வாரியாகப் போய் உட்காரும். பக்கத்துக்கு மட்டும் பூட்டு போட்டால், கோப்பின் நேரடி முகவரி தெரிந்தவர் லாகின் இல்லாமலே திறக்கலாம். கணக்கறிக்கை பிடிஎஃப்பின் முகவரியை ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் போதும், அது ஊரைச் சுற்றி வரும். கோப்புகளைப் பொது ஃபோல்டருக்கு வெளியே வைத்து, ஆளைச் சரிபார்த்த பிறகு ஒரு நிரல் எடுத்துக் கொடுப்பதுதான் வழி. மறுபடியும் கிராணி சன்னல்தான்.

மூன்றாவது குழி ஆழமானது. வாசலில் ஜாகா விட்டுவிட்டார் என்பதற்காக அடுத்த வீட்டு அலமாரியைத் திறக்க முடியுமா? உறுப்பினர் தன் சந்தா பக்கத்தைத் திறக்கிறார். முகவரியின் கடைசியில் 117 என்று அவருடைய எண். அதை 118 என்று மாற்றி என்டர் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் பாக்கியும் வாரிசின் பெயரும் வந்தால், அந்தத் தளத்தில் லாகின் இருந்தும் பயனில்லை. ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலில், இந்த வகை அணுகல் கோளாறு முதல் இடத்துக்கு வந்தது. 2017 பட்டியலில் அது ஐந்தாவது. நாங்கள் செய்தது, முகவரியில் எண்ணே வைக்காமல் "என் சந்தா" என்று மட்டும் வைத்தோம். யாருடையது என்பதை சர்வர் செஷனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மாற்றிப் பார்க்க அங்கே எண் இல்லை.

இதே தனி வாசலுக்கு ஒரு ஏழை வடிவமும் உண்டு. சர்வர் அமைப்பிலேயே அந்த ஃபோல்டருக்கு ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல் போட்டு எல்லாருக்கும் அதையே சொல்லிவிடுவது. பத்து நிமிட வேலை, நிரலே வேண்டாம். குழுவினர் ஆறேழு பேருக்கு என்றால் நான் இதையே சொல்வேன். சங்கம் முழுவதற்கும் என்றால் சரிவராது. யார் பார்த்தார் என்று தெரியாது, வெளியேறும் பட்டன் கிடையாது, ஒருவர் சங்கத்தை விட்டுப் போனால் மற்ற எல்லாருக்கும் புதுக் கடவுச்சொல் சொல்ல வேண்டும். அவரவர் சந்தாவை அவரவருக்குக் காட்டவும் முடியாது.

வெற்றுப் பக்கத்தில் துண்டு துண்டாக நிரப்புவது

இப்போது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்தின் வெற்றுச் சட்டகம் எல்லாருக்கும் ஒன்று. லாகின் ஆனவர் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்கும் வாசல்) வழியாகக் கேட்டு, வரும் தரவை அந்தச் சட்டகத்துக்குள் நிரப்பும். பார்க்க முதல் வழியைப் போலத் தெரிந்தாலும் இது வேறு. தரவு முன்கூட்டியே பக்கத்தில் இல்லை. சர்வர் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறது. பின்னால் கைப்பேசிச் செயலி ஒன்று செய்வதாக இருந்தால் அதே ஏபிஐ அதற்கும் உதவும்.

எங்களுக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தோம். பக்கம் ஒரு தடவை, தரவு ஒரு தடவை என்று இரண்டு முறை போய் வர வேண்டும். இணைப்பு மெதுவாக இருக்கும் வீடுகளில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். செயலி செய்யும் எண்ணமும் இல்லை. இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜேடபிள்யூடி என்ற அடையாளச் சீட்டை இதில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதைத் திருத்தினால் கையொப்பம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வழக்கமான ஜேடபிள்யூடியின் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது மறையாக்கம் செய்தது அல்ல. ஐசி நம்பரை அதில் வைத்துவிடாதீர்கள்.

அகப்பக்கத்தில் வைக்காமலே விடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுகிறேன். ஐம்பது, அறுபது குடும்பம் உள்ள சங்கம் என்றால் என் யோசனை இதுதான். ஊருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் தளத்தில் போடுங்கள். சந்தாக் கணக்கைச் செயலாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகப் புலனத்தில் அனுப்பட்டும். லாகினே இல்லாத தளத்தில் லாகின் பிழை வராது. கூகள் டிரைவில் கணக்கறிக்கையைப் போட்டு "இணைப்பு உள்ள எவரும்" என்று திறந்துவிடுவதை மட்டும் செய்ய வேண்டாம். அந்த இணைப்பு யார் கையில் போய் நிற்கும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இந்த ஊருக்குச் சந்தாப் புத்தகம் புதிதல்ல. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டுக்காரர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற அந்தத் தோட்டத் துண்டாடல் காலத்தில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துப் பணம் கட்டினார்கள். தங்கள் பெயரும் பணமும் நல்லவர் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கட்டினார்கள். எங்கள் உறுப்பினர்களும் அதே நம்பிக்கையில்தான் வாரிசின் பெயரை எழுதித் தருகிறார்கள். இந்நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிகப் பரிமாற்றங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். சின்னச் சங்கம் என்று அதைக் காரணம் காட்டி ஒதுங்குவதை நான் ஏற்கமாட்டேன். ஐசி நம்பர் வெளியே போனால் அந்தக் குடும்பத்துக்கு வரும் தொல்லை வங்கி விட்டாலும் சங்கம் விட்டாலும் ஒன்றுதான்.

எங்கள் முடிவு

தனி வாசலைத் தேர்ந்தெடுத்தோம். பொதுப் பக்கங்கள் எல்லாருக்கும் ஒன்று. உறுப்பினர் ஃபோல்டர் ஒன்று, குழு ஃபோல்டர் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் காவல் நிரல். ஐசி நம்பர், வீட்டு முகவரி இரண்டையும் தளத்தின் தரவுத்தளத்தில் ஏற்றவே இல்லை. அவை செயலாளர் அக்காவின் அலமாரியில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கட்டும். பொதுத் தளத்துக்கு அவற்றால் ஆகும் வேலை ஒன்றும் இல்லை.

இதோடு ஒட்டி வந்த பேச்சு, எதை வைத்து லாகின் செய்வது என்பது. ஐசியின் கடைசி நான்கு எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தால் யாரும் மறக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். மறக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஐசி எண்ணின் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 08. மிச்சம் நான்கு இலக்கம், 10,000 வாய்ப்பு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஆணா பெண்ணா என்று தெரிந்தாலே 5,000 ஆகிவிட்டது. ஒரு கணினி நிரலுக்கு 5,000 தடவை முயல்வது பெரிய காரியமே அல்ல. போதாக்குறைக்கு ஐசி நகலை நாம் எத்தனை கடையில், எத்தனை ஆபீசில் கொடுத்திருக்கிறோம்! கடைசியில் உறுப்பினர் எண்ணும், அவரவர் தானே வைத்துக்கொள்ளும் கடவுச்சொல்லும் என்று முடிவானது. ஐந்து முறை தப்பாகப் போட்டால் கால் மணி நேரம் பூட்டிக்கொள்ளும். மறந்தவர்கள் செயலாளர் அக்காவை அழைக்கலாம். குரலைக் கேட்டே இன்னார் என்று அவருக்குத் தெரியும்.

லாகின் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இழுபறி இருந்தது. பிஎச்பி செஷன் அமைப்பை மாற்றாமல் விட்டால் 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம். வேர்ட்பிரஸ்ஸில் சாதாரணமாக 2 நாள், "நினைவில் வை" என்று தட்டினால் 14 நாள். எங்கள் வீடுகளில் ஒரே கைப்பேசி தாத்தாவிடமிருந்து பேரப் பிள்ளைக்கும் அங்கிருந்து மருமகளுக்கும் போகிறது. வாரிசாக யாரை எழுதியிருக்கிறார் என்பது வீட்டுக்குள்ளேயே ரகசியமாக இருக்க வேண்டிய காரியம். அதனால் அரை மணி நேரம் போதும் என்றேன், அதுவே நின்றது. வாரிசு பக்கத்தைத் திறக்க மட்டும் கடவுச்சொல்லை இன்னொரு தடவை கேட்கும்.

வெளியேறிய பிறகு பின்னால் போகும் பட்டனைத் தட்டிப் பார்க்க மறக்காதீர்கள். செஷன் முடிந்திருக்கும், ஆனால் பிரவுசர் தன் நினைவில் வைத்திருந்த பழைய பக்கத்தை எடுத்துக் காட்டக்கூடும். மேலே சொன்ன 'நோ ஸ்டோர்' வரி இதற்கும்தான். சோதனையைக் குறைந்தது இரண்டு கைப்பேசியில் செய்தோம். ஒன்றில் லாகின் செய்து ஒவ்வொரு பக்கத்தின், ஒவ்வொரு கோப்பின் முகவரியையும் நகல் எடுத்து, மற்றதில் லாகின் இல்லாமல் ஒட்டித் திறப்பது. அலுப்பான வேலைதான். ஒரு ஞாயிறு மதியம் முழுவதும் போனது. படிவம் நான்கு பையனையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் எங்கள் விதியை நாங்களே மீறினோம். மரண அறிவிப்பு. அதை உறுப்பினர் ஃபோல்டரில் போட முடியாது. ஜொகூரில் இருக்கும் மகன் இரவு இரண்டு மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு திறப்பார். கடவுச்சொல் எல்லாம் அப்போது ஞாபகத்தில் வராது. அவருடைய கூட்டாளிகள் சங்கத்தில் இல்லாதவர்கள், அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் இறந்தவரின் பெயர், வீடு, சடலம் எடுக்கும் நேரம், எந்த மயானம், குடும்பத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பூட்டு இல்லாமல் மேலே வரும். அதே பக்கத்தில் கீழே, சகாயத் தொகை பட்டுவாடா ஆன விவரம். இந்தப் பகுதியை சர்வர் குழுவினருக்கும், அந்தக் குடும்பத்தில் வாரிசாக இருக்கும் உறுப்பினருக்கும் மட்டும் தயாரிக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு முகம், தளம் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில்தான். கேஷுக்கு இந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்று தனியாகச் சொல்லியிருக்கிறோம். நிரலின் முதல் வரியிலேயே, அடுத்து வரும் தொண்டருக்காக, தமிழில் காரணம் எழுதி வைத்திருக்கிறேன்.

குடும்பத்தின் கைப்பேசி எண் பற்றிச் செயலாளர் அக்கா ஒன்று கேட்டார். "காரியம் முடிஞ்ச பிறகும் அந்த நம்பர் அங்கேயே கிடக்கணுமா?" எனக்குத் தோன்றாத கேள்வி. இப்போது பதினாறாம் நாள் காரியம் வரை எண் எல்லாருக்கும் தெரியும். பதினேழாம் நாள் காலையிலிருந்து லாகின் செய்யாதவருக்கு அனுப்பும் பக்கத்தில் சர்வர் அதைச் சேர்ப்பதில்லை. பெயரும் தேதியும் அப்படியே இருக்கும்.